நான் வாங்கிக் கொடுத்த ஜீவனாம்சம்

என் புருஷனின் முதல் பெண்டாட்டிக்கு ஜீவனாம்சம் வாங்கிக் கொடுத்தது நான்தான். அவளுடைய வக்கீலுக்கு அந்தப் பெருமை சேராது. கோர்ட்டுக்குப் போகலாம் என்று அவளுக்கு வழி சொன்ன நர்சம்மாவுக்கும் சேராது. இரக்கப்பட்டு வாங்கிக் கொடுத்தேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவள் பேச்சை எடுத்தாலே எனக்கு வயிறு எரியும். அந்த எரிச்சல்தான் வாங்கிக் கொடுத்தது.

நான் சந்தவாசல்காரி. அப்பா அங்கே ஒரு மண்டியில் எடை போடுகிறவர். மாசி, பங்குனியில் ஜவ்வாது மலையிலிருந்து புளி இறங்கும். அப்படிப் புளி கொண்டுவந்தவர்களில் ஒருவர்தான் அவர். எட்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்த நான் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோவேன். மூட்டையை இறக்கிவிட்டு ஓரமாக உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் எடைக்குச் சண்டை போடுவார்கள். அவர் போட மாட்டார். போட்ட எடையை ஒத்துக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பில் விழுந்தேன். கல்யாணமானவர், ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்று தெரிந்தேதான் மலை ஏறினேன். அன்றைக்கு எனக்கு இருந்த திமிர் அப்படி. என்னைப் பார்த்த பிறகு அவளை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். அப்பா என்னைத் தலைமுழுகினார். இதெல்லாம் எழுபதுகளின் நடுவில்.

எங்கள் மலையூரில் ஒருவர் இரண்டாவது கட்டிக்கொள்வது அதிசயமில்லை. ஆனால் அதற்கு ஒரு முறை உண்டு. சின்னவளுக்குக் கட்டும் தாலியைப் பெரியவள் தன் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் அது கல்யாணம். கொடுக்காவிட்டால் எத்தனை பிள்ளை பெற்றாலும் அவளை ஊர் 'வந்தவ' என்றுதான் சொல்லும். என் கல்யாணத்தன்று அவள் வருவாளா என்று வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தாள். தட்டிலிருந்து தாலியை எடுத்தாள், அவர் கையில் வைத்தாள். "கட்டுங்க, வெயில் ஏறுது" என்றாள். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. அழுதிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். ஜெயித்தோம் என்று ஒரு நாளாவது நினைத்திருப்பேன். அவள் அதற்குக்கூட இடம் கொடுக்கவில்லை.

ஒரே வீட்டில் ஆறு மாதம் இருந்தோம். ஒரு உறையில் இரண்டு கத்தி. அவள் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. களி கிண்டத் தெரியாமல் நான் கட்டி கட்டியாக இறக்கினால், என் கையிலிருந்து துடுப்பை வாங்கி அவளே கிண்டிவிட்டு, நான் கிண்டியதாகச் சொல்வாள். அதுவும் எனக்குப் பிடிக்காது. அதைவிடப் பிடிக்காதது ஒன்று இருந்தது. கொல்லி என்று நாங்கள் சொல்லும் மேட்டுக்காட்டிலிருந்து வந்ததும் அவர் என்னிடம் தண்ணீர் கேட்பார், அவளிடம் பேச்சுக் கேட்பார். சாமைக்குக் களை எப்போது எடுக்கலாம், மேகம் எந்தப் பக்கம் கட்டியிருக்கிறது, எந்த மாடு தீனி எடுக்கவில்லை. இருவரும் பேச ஆரம்பித்தால் பாதி வார்த்தைதான் வெளியே வரும். மீதி அவர்களுக்கே புரிந்துவிடும். நான் சொம்பை வைத்துக்கொண்டு நிற்பேன். என்னிடம் அவர் பேசாத பேச்சே இல்லை என்று நினைத்திருந்தேன். பேச வேண்டிய பேச்செல்லாம் அங்கே இருந்தது.

ஒருநாள் கேட்டுவிட்டேன். "இந்த வூட்ல அவங்களா, நானா? நீங்களே சொல்லுங்க." அவர் எழுந்து வெளியே போனார். அவள் கேட்டுக்கொண்டு உள்ளேதான் இருந்தாள். மறுநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் நெல்லிவாசல் நாட்டில் இருக்கிற தன் பிறந்த வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள். அவர் ஒரு தடவை போய்க் கூப்பிட்டிருக்கலாம். நான் விடவில்லை. கிளம்பும்போதெல்லாம் எனக்குத் தலைவலி வந்தது, காய்ச்சல் வந்தது. ஒரு தடவை மயக்கம்கூட வந்தது. நல்ல நடிகை நான்.

இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மழை பொய்த்தது. அவள் அண்ணனுக்கு நான்கு பிள்ளைகள், அதில் இவளும் குழந்தையும். எத்தனை நாள்தான் தாங்குவான்? ஊசி போட வந்த நர்சம்மா சொல்லி, டவுன் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போட்டார்கள். சம்மன் கொண்டுவந்தவனுக்கு நான்தான் மோர் கொடுத்தேன். காகிதத்தைப் படித்துக் காட்டியதும் நான்தான். அவருக்குப் படிக்கத் தெரியாது. 'மனுதாரர், எதிர்மனுதாரரின் சட்டப்பூர்வமான மனைவி' என்று முதல் வரியிலேயே இருந்தது. அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு மீதியைப் படித்தேன்.

டவுனில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். அவர் விரல் விட்டுச் சொன்னார்.

"இதுல கோர்ட்டு பாக்கறது நாலே விஷயம்தான். அந்தம்மாவுக்குத் தன்னக் காப்பாத்திக்க வழி கீதா? உனக்கு வசதி கீதா? வசதி இருந்தும் சோறு போடாம வுட்டியா? நாலாவது, நீ வான்னு கூப்ட்டும் வராம இருக்க அந்தம்மாவுக்கு நியாயமான காரணம் எதுனா கீதா? மொத மூணுல நாம ஜெயிக்க முடியாது. நாலாவதுதான் நம்ம வழி. கோர்ட்ல நின்னு, 'வந்து வாழட்டும், வெச்சிக் காப்பாத்தறேன்'னு சொல்லு. வர மாட்டாங்க. காரணம் இல்லாம வர மாட்டேன்னா அவங்களுக்குக் கெடைக்காது. கொழந்தைக்கு மட்டும் குடுத்தாப் போதும்."

"வந்துட்டா?" என்று கேட்டார் என் புருஷன்.

"வர மாட்டாங்கய்யா" என்று வக்கீல் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. 'வந்துட்டா' என்று கேட்டபோது அவர் முகத்தில் பயம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

அப்போதுதான் வக்கீல் என்னைப் பார்த்தார். "இவங்க யாரு?"

"சின்னவங்க. ரெண்டாவது கட்டிக்கினேன்."

வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அதச் சொல்லவே கூடாது. வேற ஒருத்தியக் கட்டிக்கினவனோட வாழ மாட்டேன்னு சொல்ல மொத சம்சாரத்துக்குச் சட்டமே எடம் குடுக்குது. அது ஒண்ணு வெளிய வந்தாப் போதும், நாலாவதும் போச்சு."

"எங்க மலையில அது தப்பில்லீங்களே. ஊர்க்கவுண்டரே வந்து சாப்ட்டாரு."

"உங்க மலையில தப்பில்லாம இருக்கலாம். ஜீவனாம்சத்துக்கு எல்லாச் சாதிக்கும் ஒரே சட்டம். யாருனா கேட்டா, இவங்க கொல்லி வேலைக்கு வந்தவங்க. அவ்ளோதான்." பிறகு என்னிடம் திரும்பினார். "நீங்க அன்னிக்கு வராதீங்கம்மா."

வருவேன் என்றேன். என் புருஷன் இன்னொருத்தியை வீட்டுக்கு வா என்று கூப்பிடுவதை நான் கேட்காமல் இருப்பதா? வக்கீல் ஒத்துக்கொண்டார், ஆனால் பழைய புடவையில் வர வேண்டும், பூ வைக்கக் கூடாது, தாலி வெளியே தெரியக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தாலியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்காரி வேஷத்தில் பஸ் ஏறினேன். மலையில் பெரியவள் கையால் தாலி வாங்கிய நான், கீழே இறங்கியதும் கூலிக்காரி ஆகிவிட்டேன்.

அவள் எங்களுக்கு முன்பே வந்து கோர்ட் வாசலில் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். குழந்தைக்கு ஐந்து வயதிருக்கும். அவரைப் பார்த்ததும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டது. இரண்டு வருஷம் பார்க்காத அப்பனை எப்படித்தான் அடையாளம் தெரிந்ததோ! அவர் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தார். எனக்கு அதுவரை குழந்தை இல்லை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

டவாலி கூப்பிட்டான். அவள் கூண்டில் ஏறினாள். மாஜிஸ்திரேட் வயதானவர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் ஆளைப் பார்ப்பார். அவள் தன் வக்கீல் கேட்டதற்கெல்லாம் ஒரு வரியில் பதில் சொன்னாள். பிறகு எங்கள் வக்கீல் எழுந்தார். எதிர்மனுதாரர் ஏழை, ஏதோ பத்துப் புளியமரம், வேறு வருமானம் கிடையாது, சரிதானே என்றார்.

"பத்து இல்லீங்க" என்றாள் அவள். "ஓடக்கிட்ட மூணு. கோயிலுக்குப் பின்னால அஞ்சு, அதுல ஒண்ணு வருசம் வுட்டு வருசம்தான் காய்க்கும். மேட்டுக்கொல்லில எட்டு. அண்ணந்தம்பிங்க பங்குல வந்தது ஆறு. மொத்தம் இருவத்திரெண்டுங்க."

"இருவத்திமூணு" என்றார் என் புருஷன், கீழே நின்றபடி.

வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். இவர் அதைக் கவனிக்கவே இல்லை. அவளைப் பார்த்துச் சொன்னார். "பாறக்கிட்ட ஒண்ணு தானா மொளச்சி நின்னுச்சே, அது காய்ச்சிடுச்சி. நீ போனப்புறம்தான் காய்ச்சிது."

"அதுவா? அது மலட்டு மரம்னு இல்ல சொன்னாங்க?"

"அதான் நானும் நெனச்சேன். இந்த வருசம் கொத்துக் கொத்தா."

"மேட்டுக்கொல்லி?"

"மேட்டுக்கொல்லி ஒண்ணும் சரியில்ல. மழ இல்ல பாரு."

கேஸ் போட்டவளும் கேஸில் மாட்டியவரும் கோர்ட் நடுவில் நின்று மரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தன் வாயாலேயே தன் வசதிக்கு ஒரு மரம் கூட்டிச் சொல்கிற எதிர்மனுதாரரை அந்த மாஜிஸ்திரேட் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார். எங்கள் மலைக்காரர்கள் அப்படித்தான். பயிர் பச்சையைப் பற்றிப் பொய் சொன்னால் அடுத்த வருஷம் விளையாது என்று நம்புகிறவர்கள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் நெஞ்சு காந்தியது. இரண்டரை வருஷம் அந்தப் புளியை உடைத்துக் கொட்டை எடுத்தவள் நான். எத்தனை மரம் என்று எனக்குத் தெரியாது. பாறைக்கிட்ட மரம் காய்த்த சேதியை என்னிடம் அவர் சொன்னதே இல்லை. அதை அவளிடம் சொல்வதற்காகவே வைத்திருந்திருக்கிறார்.

மாஜிஸ்திரேட் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இவ்வளவு நல்லாப் பேசிக்கிறீங்களே, சேர்ந்து இருந்தா என்ன?"

வக்கீல் இவரை முழங்கையால் இடித்தார். இவர் பாடம் ஒப்பித்தார். "வந்து வாழட்டும் சாமி. வெச்சிக் காப்பாத்தறேன்."

அதோடு நிறுத்தியிருந்தால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். அது வக்கீல் சொல்லிக் கொடுத்தது. அவர் நிறுத்தவில்லை. அவளைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னார், குரலைத் தாழ்த்தி. "புள்ளயக் கூட்டிக்கினு வந்துடு. வூடு வூடா இல்ல." இதை எந்த வக்கீலும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் கூட்டி மெழுகி, விளக்கேற்றி வைத்திருந்த வீடு வீடாக இல்லையாம்!

அவள் கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

நான் எழுந்துவிட்டேன்.

"யார் வூட்டுக்கு யார் வர்றது? நான் எங்க போறதாம்?"

டவாலி ஓடிவந்தான். மாஜிஸ்திரேட் கையால் அவனை நிறுத்தினார். "யாரம்மா நீ?"

"கொல்லி வேலைக்கு வந்தவங்க, ஐயா" என்றார் வக்கீல் அவசரமாக.

நான் என் புருஷனைப் பார்த்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். அதற்குமேல் எனக்கு நிதானம் இல்லை. தாலியை வெளியே எடுத்துப் பிடித்தேன்.

"வேலைக்காரி கழுத்துல தாலி கட்டுவாங்களா? நான் அவுரு பொண்டாட்டி. ஊரே கூடிக் கட்டின தாலி. அதோ நிக்கிறாங்களே, அவங்க கையால எடுத்துக் குடுத்தது. வேணும்னா அவங்களையே கேளுங்க!"

மாஜிஸ்திரேட் அவளைப் பார்த்தார்.

"ஆமாங்க" என்றாள். "நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

பிறகு என்னையும் கூண்டில் ஏற்றிச் சத்தியம் வாங்கினார்கள். நான் சொன்னதை எல்லாம் எழுதினார்கள். கல்யாணம் எந்த மாதம், யார் யார் வந்தார்கள், என்ன சோறு, ஒன்று விடாமல் சொன்னேன். அவ்வளவு பேர் முன்னால் என் கல்யாணத்தைப் பற்றி யாரும் என்னைக் கேட்டதில்லை. சொல்லச் சொல்ல எனக்குப் பெருமையாக இருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது தெரியாமல் பாடிக்கொண்டே இருந்தேன். எங்கள் வக்கீல் கடைசி முயற்சியாக, தாலி எடுத்துக் கொடுத்தவளே சம்மதித்தவள்தானே, இப்போது அதையே காரணமாகச் சொல்லலாமா என்று வாதாடிப் பார்த்தார். வெளியே வந்ததும் என்னிடம், "வேலில போற ஓணானப் புடிச்சி வேட்டில வுட்டுக்கினு இப்பக் குத்துதே கொடையுதேன்னா நான் இன்னா பண்றது?" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

இரண்டு வாய்தா தள்ளித் தீர்ப்பு வந்தது. அன்று சம்மதித்திருந்தாலும், வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டவனோடு வாழ முடியாது என்று சொல்ல முதல் மனைவிக்கு உரிமை உண்டு. இரண்டாவது கல்யாணம் நடந்ததற்கு அந்தப் பெண்ணின் வாக்குமூலமே சாட்சி. எதிர்மனுதாரருக்கு இருபத்துமூன்று மரமும் நிலமும் இருக்கின்றன. இரண்டு வருஷமாக மனைவியையும் குழந்தையையும் கவனிக்கவில்லை. ஆகவே மாதாமாதம் அவளுக்கு எண்பது, குழந்தைக்கு நாற்பது. வீடு வரச் சொல்லி யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. குமாஸ்தா படிக்கப் படிக்க, 'மனைவி' என்ற சொல் வந்த இடங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எல்லாம் அவளுக்கு. எனக்கு 'வேறு பெண்', 'அந்தப் பெண்'. ஆனாலும் அன்று எனக்கு உள்ளே சந்தோஷம்தான். பணம் போனால் போகட்டும், அவள் வரப்போவதில்லை. அவர் எனக்குத்தான்.

அவர் கையெழுத்துப் போடக் குமாஸ்தாவோடு உள்ளே போயிருந்தார். கையெழுத்து என்றால் பெருவிரல்தான். நான் டீக்கடைப் பக்கம் நின்றேன். அவள் என்னிடம் வந்தாள். ஜெயித்தவள் குத்திக்காட்டத்தான் வருகிறாள் என்று நான் பதிலைத் தயார் செய்துகொண்டேன்.

"நீ அன்னிக்கு எழுந்து சொல்லலன்னா எனக்கு இது கெடச்சிருக்காதாம், தங்கச்சி. வக்கீல் சொன்னாரு."

"வாங்கிக்கினு நல்லா இருங்க" என்றேன் விறைப்பாக.

அவள் போகவில்லை. புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"எங்கண்ணன் பணத்துக்குத்தான் கேஸ் போடச் சொன்னாரு. நான் அதுக்கு ஒத்துக்கினு வரல. ரெண்டு வருசமா வந்து கூப்புடுவாருன்னு பாத்தேன், வரல. கோர்ட்டுல நேருக்கு நேரா பாத்தா கூப்புடுவாருன்னு நெனச்சேன். கூப்ட்டாரு. ரெண்டாவது தடவ கூப்ட்டாரு பாரு, அப்ப வர்றேன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள நீ எழுந்துட்ட."

நான் டீக்கடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"உனுக்குப் புடிக்காம நான் வந்து இன்னா பண்றது? அதான் வுட்டுட்டேன்" என்றாள். "நான் வர்றேன்னு இருந்தத மட்டும் அவுருகிட்ட சொல்லிடு. அப்புறம் அவுரு இஷ்டம், உன் இஷ்டம். இப்ப அந்த வூட்டுக்காரி நீ. உன்னத் தாண்டி நான் போய் அவுருகிட்ட பேசினா மொறையா இருக்காது."

தாலியை எடுத்துக் கொடுத்தபோது இருந்த அதே முகம். குழந்தையைக் கூப்பிட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போனாள். அவளிடம் நான் கண்ட குறை ஒன்று உண்டென்றால் அது இதுதான். எனக்கு ஒரு நியாயம்கூட மிச்சம் வைக்காமல் போவாள்.

அவர் வெளியே வந்தார். பெருவிரலில் மை. சுற்றுமுற்றும் பார்த்தார். அவர்கள் முக்குத் திரும்புவது தெரிந்தது. அவர் இரண்டு எட்டு வைத்திருந்தால் பிடித்திருப்பார்.

"உங்கிட்ட இன்னாமோ பேசிக்கினு இருந்தாளே. இன்னா சொன்னா?"

"பணம் மாசாமாசம் தேதி தவறாம வரணும்னு சொன்னாங்க" என்றேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவர் மை விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அந்த மாதத்திலிருந்து ஒரு மாதம்கூடத் தவறவில்லை. புளி விலை போகாத வருஷத்திலும் மாட்டை விற்று அனுப்பினார். அடிவாரத் தபாலாபீசில் நான் மணியார்டர் பாரம் எழுதுவேன், அவர் கைநாட்டு வைப்பார். நேரில் ஒரு தடவைகூடப் போகவில்லை. பெண்ணின் கல்யாணத்துக்குப் பணமும் துணியும் ஆள் மூலம் அனுப்பிவைத்தார். நீங்கள் போகவில்லையா என்று நான் கேட்டேன். அப்போதாவது போயிருக்கலாம், நானும் தடுத்திருக்க மாட்டேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

"அவ பணம்தான கேட்டா" என்றார்.